லிட்டா கேட்கும் அவித்த முட்டை

செருப்பைக் கழற்றியதும் லிட்டா தலையை நிமிர்த்தி உட்கூரையைப் பார்ப்பாள். வீட்டுக்காரர்கள் "வாங்க, வாங்க" என்று சொல்வது அப்போது அவள் காதில் விழாது. ஒட்டடை இருக்கிறதா என்று பார்க்கிறாள் என நினைத்து, பல வீடுகளில் பெண்கள் முகம் வாடித் துடைப்பத்தைத் தேடியிருக்கிறார்கள். அவள் பார்ப்பது வெயிலை. சன்னல் வழியே நுழைந்த வெயில் தரையில் பட்டுக் கூரைக்கு எப்படி எகிறுகிறது, எந்த மூலையில் போய்ச் சாகிறது என்று பார்த்து முடித்த பிறகுதான் தலையை இறக்கி மனிதர்களைப் பார்ப்பாள். பார்த்ததும் கேட்பாள்: "அவிச்ச முட்டை ஒண்ணு கிடைக்குமா?"

பெர்லிட்டா என் தங்கை. கடலோர ஊரான மலபோனில் எங்கள் தெருவில் எல்லோருக்கும் லிட்டா. துணிக் கம்பெனிகளுக்குப் படம் எடுப்பது அவள் தொழில். வெள்ளைத் திரை தொங்கும் ஸ்டுடியோவில் அவளுக்குக் கை ஓடாது. துணியை உடுத்திக் காட்டும் பெண்ணின் சொந்த வீட்டுக்கே போய் எடுப்பாள். "அவ வீட்ல கைய எங்க வெக்கணும்னு அவளுக்கே தெரியும். ஸ்டுடியோவுல அதையும் நான்தான் சொல்லிக் குடுக்கணும்" என்பாள்.

நான் நோர்மா, அவள் கூடப் போகிறவள். துணிகளுக்கு இஸ்திரி போடுவது, முதுகுப் பக்கம் குண்டூசி குத்தி அளவு பிடிப்பது, வெள்ளித்தாள் ஒட்டிய அட்டையை அவள் சொல்லும் கோணத்தில் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. என் கையில் அட்டை ஆடாது. ஆறாம் வகுப்போடு நான் மீன் சாற்றைப் புட்டியில் அடைக்கும் ஆலைக்குப் போனதால்தான் அவள் படம் எடுக்கும் படிப்புக்குப் போனாள். இதைப் போகும் வீட்டிலெல்லாம் சொல்வேன். சொல்லவேண்டிய விஷயம்தானே. "ஆரம்பிச்சுட்டா" என்று லிட்டா மறுபடியும் கூரையைப் பார்ப்பாள்.

முட்டையின் கதை இது. முட்டையை முழுதாக உரிப்பாள். ஒரு நாற்காலியின் மேல் முக்காலி, முக்காலியின் மேல் கவிழ்த்த தம்ளர் என்று அடுக்கி, படத்தில் முகம் வரப்போகும் உயரத்துக்கு அதைக் கொண்டுபோய் வைப்பாள். பிறகு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவாள். எந்தப் பக்கம் வெள்ளையாக இருக்கிறது, நிழல் எங்கே தொடங்கி எப்படி மெல்லச் சாம்பலாகிறது என்று பார்ப்பாள். "மனுஷ மூஞ்சி பாத்தா கூச்சப்படும். முட்டை கூச்சப்படாது." பார்த்து முடித்ததும் உப்பைத் தொட்டுத் தின்பாள். யாருக்கும் பாதி தரமாட்டாள். ஒரு வீட்டில், பசியோடு வந்திருக்கிறாள் என்று இரக்கப்பட்டு அரை டஜன் முட்டைகளை அவித்து முன்னால் வைத்தார்கள். அவள் நன்றி சொல்லிவிட்டு ஒன்றை மட்டும் எடுத்தாள். நான் மீதியைத் தின்னவேண்டியதாயிற்று. தின்னாவிட்டால் அவர்கள் மனம் நோகும்.

முதல் தடவை போகும்போது காமிராவை எடுத்துப் போகமாட்டாள். இரண்டாம் தடவையும் மாட்டாள். அடுக்களையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக் கொடுப்பாள். எந்தக் கதவு முனகும், எந்த நாற்காலியில் யாரும் உட்காருவதில்லை, குழந்தை இயேசு சிலைக்கு முன்னால் எரியும் சிவப்பு பல்பு சுவரில் எவ்வளவு தூரம் படரும் என்பதெல்லாம் அப்போது அவள் தலைக்குள் ஏறும். சாப்பாட்டு நேரம் வந்தால் கூச்சமில்லாமல் உட்கார்ந்துவிடுவாள். எங்கள் வீட்டில் மறுசோறு கேட்காதவள், அங்கே புளி போட்ட மீன் குழம்புக்கு மூன்றாம் முறை தட்டை நீட்டுவாள். பிறகு அந்த வீட்டுச் சோஃபாவில் சாய்ந்து குறட்டை விடுவாள். "ஒரு வீட்ல தூங்கி எந்திரிச்சாதான் அது நம்மள நம்பும்" என்பது அவள் கொள்கை.

"குழம்பும் உன்ன நம்புச்சா?" என்று திரும்பும் வழியில் கேட்பேன்.

"புளி கொஞ்சம் கூடத்தான்கா."

என் மனம் ஆறுவதற்காகச் சொல்கிறாள் என்று தெரியும். தெரிந்தும் ஆறிவிடும்.

கடைசியாக ஒரு கேள்வி வைத்திருக்கிறாள். அதைப் பூண்டு உரித்துக்கொண்டே, வெங்காய விலை கேட்பதுபோலக் கேட்பாள். "அழுகை வந்தா இந்த வீட்ல எங்க போய் உக்காருவ?" பெண்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு கை தானாக ஓரிடத்தைக் காட்டும். துணி அலமாரிக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு சந்து. அரிசி டப்பாவின் பக்கம். லிட்டா அங்கேதான் நாற்காலியைப் போடுவாள். அழுகிற படம் எடுக்க அல்ல. எடுப்பதென்னவோ புது உடையில் சிரிக்கிற படம்தான். ஆனால் அந்த இடத்தில் உடம்பு தானாக இறங்கி உட்காரும் என்கிறாள். அப்படித்தான் உட்காருகிறது. நான் அட்டையைப் பிடித்துக்கொண்டு பார்த்திருக்கிறேன்.

ஊரில் உள்ள பெண்கள் எங்கே போய் அழுகிறார்கள் என்று என் தங்கைக்குத் தெரியும். என்னிடம் அவள் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்: எங்கள் வீட்டுக் கொல்லைக் கதவருகே, தண்ணீர்ப் பீப்பாய்க்குப் பின்னால், கவிழ்த்துப் போட்ட நீல வாளி. ஆனால் எங்கள் வீட்டுக்குள் நுழையும்போது அவள் கூரையைப் பார்ப்பதில்லை. நேராகப் போய்ப் பானை மூடியைத் திறப்பாள்.

ரெமி வீட்டுக்கு நாங்கள் போனது ஒரு நைட்டி கம்பெனிக்காக. அதன் முதலாளி மேடம் சுசான் இதுவரை நைட்டிகளை ஸ்டுடியோவில்தான் எடுத்துவந்தார். ஒருமுறை வீட்டில் எடுத்துப் பாருங்கள் என்று லிட்டா அவரை நச்சரித்துச் சம்மதிக்க வைத்திருந்தாள். படம் பிடித்துப்போனால் அந்த வருஷத்து நைட்டிகள் முழுவதும் லிட்டாவுக்கு. இல்லாவிட்டால் பழையபடி ஸ்டுடியோக்காரனுக்கு. உடுத்திக் காட்ட லிட்டா தேர்ந்தெடுத்த பெண் கிரிசெல், மருந்துக்கடையில் கல்லாவில் உட்காருகிறவள். தெருவிழாவில் அழகி பட்டம் வாங்கியவள். அன்று தோளில் போட்ட பட்டுப்பட்டை கண்ணாடிச் சட்டத்துக்குள் சுவரில் தொங்குகிறது. தாய் தகப்பன் இல்லாத அவளை வளர்த்த அக்காதான் ரெமி. சந்து முனையில் வாழைப்பழம் பொரித்து விற்கிறாள்.

அந்த வீட்டுக் கூரையைப் பார்த்ததும் லிட்டா மூச்சுவிட மறந்துவிட்டாள். நாங்கள் போன காலை, கடல் ஏற்றம். மலபோனில் அதற்கு மழை வேண்டியதில்லை. கடல் ஏறினால் ஆறு ஏறும், ஆறு ஏறினால் சந்துக்குள் முழங்கால் தண்ணீர் வந்து நிற்கும், பிறகு தானே இறங்கிப்போகும். ரெமி வீட்டு வாசற்படியை நக்கிக்கொண்டு தண்ணீர் நின்றது. அதில் பட்ட காலை வெயில் கதவு வழியே தெறித்து, கூரை முழுக்க நெளிந்துகொண்டிருந்தது.

"அக்கா, பாரேன். கூரையில யாரோ வலை வீசுறாங்க."

"நம்ம தெருவுலயும்தான் தண்ணி வருது" என்றேன்.

"நம்ம வீட்லதான் நீ வர விடமாட்டியே."

உண்மைதான். எல்லோரும் தரையில் மண் கொட்டிச் சிமெண்டு போட்டு உயர்த்துகிறார்கள். நான் மற்றவர்களைவிட அதிகமாக உயர்த்தினேன். எங்கள் வாசலில் குனிந்துதான் நுழையவேண்டும். தண்ணீர் வராது. அந்த வெளிச்சமும் வராது. தங்கையின் காமிரா நனையக்கூடாது என்று செய்தது. அதை அவளிடம் அப்போது சொல்லவில்லை. இன்னொருத்தி வீட்டு வெள்ளத்தை அவள் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அழுகைக் கேள்வியையும் அன்றே கேட்டாள். கிரிசெல் மாடிப்படியைக் காட்டினாள். "மூணாவது படி." கண்ணுக்குத் தெரிந்ததில் அதுதான் முதல் படி. தரையை உயர்த்தியபோது சிமெண்டுக்கடியில் போன இரண்டையும் சேர்த்து எண்ணுகிறார்கள்.

அடுக்களையிலிருந்து ரெமி கரண்டியோடு வந்தாள். "நீ எப்ப அழுத?"

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்கா."

"எனக்குத் தெரியாம இந்த வீட்ல ஒரு அழுகையா? அடுப்படியில நின்னா பக்கத்து வீட்ல தும்முறதே எனக்குக் கேக்குது!"

எல்லோரும் சிரித்தோம். ரெமி சிரிக்கவில்லை. கரண்டியைத் துடைத்துக்கொண்டே உள்ளே போனாள். லிட்டா கூரையின் அழகைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து குரல் வந்தது. "அழகாம்ல, அழகு. தொடைக்கிறவ நானு."

ஏற்றமும் காலை வெயிலும் ஒன்றாகச் சேரும் நாளை லிட்டா ஏற்ற நேரம் போட்ட காலண்டரில் தேடினாள். வரும் சனிக்கிழமை. பார்க்க மேடமும் வருவதாகச் சொல்லியிருந்தார். அதை விட்டால் மழை மாதம், மேகம். காமிரா இல்லாமல் இரண்டாம் தடவை வர நேரமில்லை. ரெமியைக் கூப்பிட்டு வழக்கமான எச்சரிக்கையைச் சொன்னாள். "அக்கா, எதையும் தொடைக்காதீங்க, எதையும் மாத்தாதீங்க. சோஃபா, திரைச்சீலை, பிளாஸ்டிக் உறை எல்லாம் அப்படியே இருக்கட்டும்."

"சரி" என்றாள் ரெமி.

தண்ணீரைப் பற்றி லிட்டா ஒன்றும் சொல்லவில்லை. கடலை யார் மாற்றப்போகிறார்கள்?

சனிக்கிழமை காலை ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, பெட்டிகளைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தோம். தெருவெல்லாம் தண்ணீர் பளபளத்தது. லிட்டா பாடிக்கொண்டே வந்தாள். ரெமியின் சந்து முனையில் நின்றுவிட்டாள். சந்தின் குறுக்கே மணல் மூட்டைகள் தொடை உயரத்துக்கு அடுக்கியிருந்தன. ஒரு மோட்டார் இரைந்து, சந்துக்குள் கசிந்த தண்ணீரையெல்லாம் உறிஞ்சி இந்தப் பக்கம் துப்பிக்கொண்டிருந்தது. மூட்டைகளுக்கு அப்பால் சந்து காய்ந்து கிடந்தது. அண்டை வீட்டுப் பெண்கள் அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஏற்ற நாளில் கால் நனையாமல் உட்காருவது அவர்களுக்குக் கல்யாண வீட்டுக்கு வந்தது போலிருந்தது.

ரெமி நல்ல சட்டை போட்டு வாசலில் நின்றாள். "கம்பெனி மேடம் வராங்களே. கால் நனையலாமா? விடிஞ்சதுலேர்ந்து நானும் சந்துக்காரங்களும் சேந்து அடுக்குனோம். வீட்டுக்குள்ள ஒண்ணையும் தொடல, பாத்துக்க."

உண்மையாகவே தொட்டிருக்கவில்லை. பிளாஸ்டிக் உறை கூட அப்படியே இருந்தது. மேசையில் ஒரு கிண்ணம் நிறைய அவித்த முட்டைகள். லிட்டா நிமிர்ந்து பார்த்தாள். கூரை வெறும் கூரையாக இருந்தது. ஒரு முட்டையை உரித்துப் படியில் வைத்துப் பார்த்தாள்.

"வெந்த உருளைக்கிழங்கு மாதிரி இருக்கு" என்றாள்.

மனசின் ஒரு மூலையில் எனக்கு இனித்தது. அந்த வீட்டுக் கூரையும் எங்கள் வீட்டுக் கூரை போலாகிவிட்டது. அடுத்த நொடியே சந்து முனையைத் திரும்பிப் பார்த்தேன். மேடம் சுசான் வந்துகொண்டிருந்தார். மூட்டைகளுக்குப் பின்னால் ஏற்றம் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. சற்று நேரத்தில் இறங்கத் தொடங்கிவிடும். என் தங்கையின் ஒரு வருஷம் அந்த மூட்டைகளுக்கு அந்தப் பக்கம் நின்றது.

"ரெமி அக்கா, மூட்டைய எடுத்துடலாமா? எனக்கு அந்தத் தண்ணி வேணும்."

"எதுக்கு? படத்த பாக்குறவன், ஐயோ பாவம், வெள்ளத்துல கெடக்குறாளேன்னு என் தங்கச்சிய சொல்றதுக்கா?"

"தண்ணி படத்துல வராதுக்கா. அதோட வெளிச்சம் மட்டுந்தான்."

"தண்ணி உள்ள வந்தா யாரு தொடைப்பா? உன் வெளிச்சமா?"

மஞ்சள் நைட்டியில் தயாராக நின்ற கிரிசெல், "அக்கா, ப்ளீஸ்" என்றாள்.

"நீ பேசாத. எங்க உக்காந்து அழுறன்னு வந்தவங்களுக்கெல்லாம் சொல்லுவ. எனக்குச் சொல்லமாட்ட."

மூட்டைகளை எதற்காக அடுக்கினாள் என்று எனக்கு அப்போது முழுதாகப் புரிந்தது. மேடத்தின் கால் அதில் பாதிதான்; மீதி, தங்கை தன்னிடம் மறைத்த அழுகை. ஆனால் நான் என்ன சொல்லமுடியும்? நானும் ஓர் அக்கா, அவள் பக்கத்து ஆள்தான்.

லிட்டா வாதாடவில்லை. அவளுக்கு வாதாடத் தெரியாது. படியிலிருந்த முட்டையை எடுத்துக் கிண்ணத்தில் போட்டாள். "முட்டை போதல. மூஞ்சி வேணும். கிரிசெல் உக்காந்தா நைட்டி கசங்கிடும். நீங்க செத்த உக்காருங்கக்கா."

"நானா?"

"சும்மா பாக்குறதுக்கு."

ரெமி கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மூன்றாவது படியில் உட்கார்ந்தாள். முழங்கால்களைச் சேர்த்தாள். தலை தானாகச் சுவரில் சாய்ந்தது. அந்த இடத்தில் சுவரின் பச்சைச் சாயம் தேய்ந்து, எண்ணெய் படிந்து, உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்திருந்தது. கிரிசெல் நெட்டை. அவள் உட்கார்ந்தால் தலை அதற்கு மேலே வரும். ரெமியின் தலை அந்தக் கறைக்குள் அளவெடுத்ததுபோல உட்கார்ந்தது.

லிட்டா அதைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். கிரிசெலும் பார்த்தாள்.

"உங்க எடமும் இதுதானாக்கா?" என்று லிட்டா மெதுவாகக் கேட்டாள்.

ரெமி சுவரிலிருந்து தலையை எடுத்தாள். மோட்டார் இரைந்துகொண்டிருந்தது. "இந்த வீட்ல வேற எடம் எங்க இருக்கு?" என்றாள்.

கிரிசெல் நைட்டி கசங்குவதைப் பார்க்காமல் போய் அக்காவின் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "நான் இல்லாதப்ப உக்காருவியா?"

"நீ இருக்கறப்ப உக்காந்தா நீ பாத்துடுவியேடி."

பிறகு ரெமி எழுந்தாள். மூக்கைச் சிந்தினாள். சந்து முனைக்குப் போய் மோட்டாரை நிறுத்தி, மூட்டைகளைத் தள்ளிச் சரித்தாள். "எந்திரிங்க, எந்திரிங்க, தண்ணி வருது!" என்று அவள் கத்த, அண்டை வீட்டுப் பெண்கள் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு திட்டிக்கொண்டே ஓடினார்கள். தண்ணீர் அவசரமில்லாமல் வந்து, வாசற்படியைத் தொட்டு நின்றது. கூரையில் மறுபடியும் வலை விழுந்தது.

மேடம் சுசான் உயர்த்திக் கட்டிய மிதிவண்டி ரிக்‌ஷாவில் வந்து, சொந்த பூட்ஸோடு தண்ணீரில் குதித்தார். "மேடம், உங்க கால்..." என்று ரெமி ஓடினாள்.

"போம்மா. நான் பக்கத்து ஊரு நவோதாஸ்ல பொறந்தவ. எங்க வீட்ல கட்டிலே செங்கல் மேலதான் நிக்கும்."

ரெமியின் முகம் போன போக்கைப் பார்த்து அண்டை வீட்டார் சிரித்த சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று.

லிட்டா படம் எடுக்க ஆரம்பித்தாள். வேலை செய்யும்போது நாக்கின் நுனியைக் கடித்துக்கொள்வாள். சிறு வயதுப் பழக்கம். கொஞ்சம் எடுத்ததும் மேடம் காமிராவின் சின்னத் திரையில் பார்த்தார். பிறகு ரெமியைப் பார்த்தார். "இந்தம்மாவுக்கும் ஒரு நைட்டி குடு. வாங்கப்போறது இவங்க மாதிரி ஆளுங்கதானே."

"ஐயையோ, நானா? என் இடுப்ப பாத்தீங்களா?" என்ற ரெமி, அதே மூச்சில், "நீலம் இருக்கா?" என்றாள்.

நீல நைட்டிக்கு முதுகில் நான்தான் குண்டூசி குத்தினேன். கொஞ்சம் இறுக்கமாகவே குத்தினேன். "நோர்மா, மூச்சு முட்டுது" என்றாள். "படத்துல ஒல்லியா தெரியும்" என்றேன். மூன்றாவது படியில் இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து உட்கார்ந்தார்கள். நான் அட்டையைத் தூக்கிப் பிடித்து நின்றேன். "முகத்த இப்படித் திருப்புங்கக்கா... அவ்வளவுதான்... அழகா இருக்கீங்கக்கா" என்று லிட்டா சொன்னாள். அந்த 'அக்கா'வை அவள் அவ்வளவு மென்மையாகச் சொல்லி நான் கேட்டு நாளாகிறது. அட்டை என் கையில் ஆடியது.

"அக்கா, அட்டை!" என்றாள் லிட்டா. அது எனக்கு.

கிளம்பும்போது மேடம், "மிச்ச நைட்டிய எல்லாம் இப்படியே வீடு வீடா எடுத்துடும்மா" என்றார். ஸ்டுடியோக்காரனின் பெயரைக்கூட அவர் எடுக்கவில்லை. லிட்டா எகிறிக் குதித்துத் தண்ணீரை என் மேல் வாரி அடித்தாள். ரெமி மீதி முட்டைகளைப் பையில் கட்டிக் கொடுத்து, "அடுத்த வாரம் சாப்பிட வா, மீன் கொழம்பு வெக்கிறேன்" என்றாள். அவள் கூப்பிட்டது லிட்டாவை. பையைச் சுமந்தது நான்.

வீட்டுக்கு நடந்தோம். தண்ணீர் இறங்கிவிட்டிருந்தது. லிட்டா முன்னால் நடந்தாள். வழக்கமாகத் தின்னும் முட்டையை அவள் இன்னும் தின்னவில்லை என்பதைக் கவனித்தேன். எங்கள் வாசலில் குனிந்து நுழைந்தோம்.

"பசிச்சா பானையில சோறு இருக்கு. ரெமி கொழம்பு அளவுக்கு இருக்காது" என்றேன்.

அவள் பானைப் பக்கம் போகவில்லை. பையிலிருந்து ஒரு முட்டையை எடுத்து முழுதாக உரித்தாள். ஒரு தம்ளரை எடுத்தாள். சன்னலைத் தாண்டி, என் தையல் மிஷினைத் தாண்டி, தண்ணீர்ப் பீப்பாய்க்குப் பின்னால் போனாள். கவிழ்ந்து கிடந்த நீல வாளியின் மேல் தம்ளரைக் கவிழ்த்து, முட்டையை அதன் மேல் வைத்தாள். பிறகு நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள்.